நின்ன எடத்துல ஓடுன கார்

எங்க வீதியில அர்த்தநாரியண்ணன் வூட்டு வாசல்ல, நாலு டயருக்கும் செங்கல்லு முட்டுக் குடுத்து நிறுத்தியிருந்த அம்பாசிடர் காரு, சாவி போடாம, இஞ்சினை முறுக்காம, பங்குனி மாசத்து வெயில்ல மணிக்கு நாப்பது கிலோமீட்டர் வேகத்துல ஓடுச்சு. ஒரு அடி நகுறாமத்தான் ஓடுச்சு. நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க எந்திரிச்சு உங்க சோலியப் பாக்கப் போங்க, எனக்கும் மில்லுல அரைக்க வேண்டிய மொளகா அப்படியே கெடக்குது.

எங்க ஊரு போர் வண்டி ஊரு. பூமியைத் தொளை போட்டுத் தண்ணி எடுக்கற ரிக் லாரி வீதிக்கு ரெண்டு நிக்கும். தை பொறந்துட்டா பூசணிக்கா ஒடைச்சு, எலுமிச்சம்பழத்து மேல டயரை ஏத்தி, வூட்டுக்கொரு ஆம்பளைய ஏத்திக்கிட்டு அதுக எல்லாம் வடக்க போயிரும். வாயில நொழையாத பேரு வெச்ச ஊருக்கெல்லாம் போயி, அங்க மழை விழுந்து காடெல்லாம் சேறானாத்தான் திரும்பும். அதுக்கு முன்னால எவனாவது தனியா திரும்பி வந்தான்னு வைங்க, 'என்னப்பா, வண்டி எங்க?'ன்னு கேட்டுக் கேட்டே அவனைக் கொன்னு போடுவோம். டீக்கடையில கேப்பம், சலூன்ல கேப்பம், எழவு வூட்டுல கூடக் கேப்பம். அப்புடி ஒரு கெட்ட பழக்கம் எங்களுக்கு. பெத்த தகப்பனே வழியனுப்பறப்ப, 'வண்டி திரும்பாம நீ திரும்பாதடா'ன்னுதான் சொல்லி அனுப்புவாங்க. அதை ஆசீர்வாதம்னு வேற நெனச்சுக்குவாங்க.

அர்த்தநாரியண்ணனும் அவரோட ஒத்தைப் பையன் நல்லசிவத்துக்கிட்ட அதையேதான் சொன்னாரு. பையன் பூஞ்சை ஒடம்புக்காரன், காலேசுக்குப் போயிட்டுப் பாதியில நின்னவன், ஒரு பழைய பைக்கை வெச்சுக்கிட்டு வீதி வீதியாச் சுத்திக்கிட்டுக் கெடந்தான். இரும்பு ராடு தூக்குனா ஒடம்பு முறுக்கேறிரும்னு அவரு ரிக்குல ஏத்தி விட்டாரு. அவங்கம்மா பாவாயக்கா மட்டும், "வேண்டாமுங்க, அவனுக்குத் தாங்காதுங்க"ன்னா. அவ பேச்சை யாரு கேட்டா? ஞாயித்துக்கெழமை தவறாம பையன் போன் பேசிட்டிருந்தான். மாசிப் பொறப்புல போன் நின்னு போச்சு. ரிக் ஓனரைக் கேட்டா, "காத்தால எந்திரிச்சுப் பாத்தா ஆளைக் காணோமுங்க, போனும் துணிப்பையும் கூடாரத்துலயே கெடக்குதுங்க"ன்னு சொல்லிட்டு அவரு வேலையப் பாக்கப் போயிட்டாரு. அந்த ஊருப் போலீசோ, மீசை மொளைச்ச பையன் எங்க வேணா போவான்னு சொல்லிருச்சு.

பாவாயக்கா அன்னைக்கிருந்து சோறு உங்கறதை வுட்டுட்டா. தட்டுல போட்டு வெச்சுக்கிட்டுப் பெசைவா, பெசைஞ்சுக்கிட்டே இருப்பா, அப்பறம் கையைக் கழுவிருவா. "அக்கா, நீ செத்தா அவன் வந்து யாரைப் பாப்பான்?"னு வைவேன்.

அண்ணன் ஒரு நாளு காரைத் தொடைச்சாரு. வாடகைக்கு ஓட்டுன காரு, கட்டிக் குடுத்த புள்ளைகளையும் பெத்து வந்த புள்ளைகளையும் இந்த ஊருல அதுதான் கூட்டியாந்துச்சு. "நானே வடக்க போயித் தேடறேன்"ன்னாரு. செக்போஸ்ட் தாண்டோணும்னா காரு நல்லா ஓடுதுன்னு ஆர்.டி.ஓ. குடுக்கற எஃப்.சி. வேணும், எஃப்.சி.க்கு ஸ்பீடாமீட்டர் முள்ளு ஆடோணும், அந்த முள்ளு செத்துப் பல வருசமாச்சு. கியர் பாக்ஸ்ல இருந்து மீட்டருக்குப் போற ஒயரு உள்ளயே அத்துப் போயிருந்துச்சு. அந்த மாடல் காருக்குப் புது ஒயரு ஈரோட்டுலயும் இல்லை, சேலத்துலயும் இல்லை. ஒவ்வொரு கடைக்காரனும் இவரை ஏற எறங்கப் பாத்துட்டு, "இன்னுமா அந்தக் காரை வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டு அனுப்புனான்.

கடைசியா அவரு சாக்குப் போட்டு மூடியிருந்த நல்லசிவத்தோட பைக்குல கையை வெச்சாரு. பாவாயக்கா ஓடியாந்து, "ஏனுங்க, அவன் வண்டியத் தொடாதீங்க, வந்தா கேப்பானுங்க"ன்னு கத்துனா. "வரவெக்கத்தான்டி தொடறேன்"ன்னு சொல்லிட்டு, அவரு பைக்கோட மீட்டர் கேபிளைக் கழட்டி, ரப்பர் உறைக்குள்ள இருந்து முறுக்குக் கம்பியை உருவுனாரு. காருக்கு அது நீளம் பத்தலை. காரோட அந்துபோன பழைய கம்பியில நல்லாயிருந்த துண்டை வெட்டி எடுத்து, ரெண்டு முனையையும் ஒரு சின்னப் பித்தளைக் கொழாயில நுழைச்சு, ஈயத்தைப் பத்த வெச்சு ஒண்ணாக்குனாரு. முனையைச் சுத்தியில தட்டிச் சதுரமாக்குனாரு, கிரீஸைத் தடவி உறைக்குள்ள வுட்டாரு, ஒரு பக்கம் கியர் பாக்ஸ்ல, இன்னொரு பக்கம் மீட்டர்ல. மறையை முறுக்கி முடிச்சுட்டு, கையைத் துணியில தொடைச்சுக்கிட்டு நிமுந்தாரு.

முள்ளு எந்திரிச்சுச்சு. அஞ்சுக்குப் போச்சு, பூச்சியத்துக்கு வந்து சித்த நேரம் நின்னுச்சு, மறுபடி அஞ்சு. கிலோமீட்டர் நம்பரு மெதுவா உருண்டுச்சு. அவரு மீட்டரைத் தட்டிப் பாத்தாரு. கதவை அடிச்சுச் சாத்திப் பாத்தாரு. அப்பத்தான் பாவாயக்கா பின்னாடி இருந்து எட்டிப் பாத்தா. பாத்தவ மூச்சு வுடாம சொன்னா, "நடக்கறானுங்க. இது என்ற பையன் நடக்கறதுங்க. நாலு எட்டு வெச்சுட்டு நின்னு நின்னு வேடிக்கை பாத்துட்டுத்தான அவன் நடப்பான்."

அன்னைக்குப் பொழுதோட அவ சோறு உண்டா. அது போதும் எங்களுக்கு. கம்பி எப்புடிச் சுத்துது, எங்கிருந்து சுத்துதுன்னு நாங்க யாரும் கேக்கவேயில்லை. மகன் ஓட்டுன வண்டியோட கம்பி, மகன் போற வேகத்துல சுத்துது, இதுல என்ன அதிசயம்? அதே வேலையா வீதியே அந்தக் காரைச் சுத்தி உக்காந்துச்சு. பின் சீட்டுல கெழவிங்க உக்காந்து வெத்தலை போட்டாங்க. டீக்கடைக்காரர் அங்கயே கேனைக் கொண்டாந்து வெச்சாரு. முள்ளு இருபதுக்குப் போனா, "டிராக்டர்ல ஏறிட்டான் போல"ன்னு ஒருத்தர், நாப்பதுக்குப் போனா, "லாரிக்காரன் எவனோ புண்ணியவான் ஏத்திக்கிட்டான்"னு இன்னொருத்தர். முள்ளு கீழ வுழுந்து அப்படியே கெடந்தா, "ஒறங்கட்டும், சத்தம் போடாதீங்க"ன்னு காரைச் சுத்திச் செருப்பைக் கழட்டிட்டு நடப்போம். மீட்டருக்கு எவளோ குங்குமம் வெச்சுட்டா. பானெட்டு மேல கதம்பம் போட்டுட்டுப் போறவளைத் தடுக்க முடியுமா? மில்லுக்கு வர்றவங்க கூட அரிசியை எங்கிட்டக் குடுத்துட்டு, "இப்ப எவ்வளவுல போறான்?"னு ஒரு எட்டுப் பாத்துட்டு வருவாங்க.

ஊருல முக்காவாசி வூட்டு ஆம்பளைக ரிக்குல போனவங்கதான். அவங்க வூட்டுப் பொம்பளைக ஒவ்வொருத்தியா புருசன் பைக்கோட கேபிளைக் கழட்டி மடியில கட்டிக்கிட்டு வந்து நின்னாங்க. "அண்ணா, ஒரு நிமிசம் இதை மாட்டுங்க, எங்க வூட்டுக்காரரு நடக்கறாரான்னு பாத்துட்டுக் கழட்டித் தந்தர்றேன்." அண்ணன் கையெடுத்துக் கும்புட்டாரு. இதைக் கழட்டிட்டு மறுபடி மாட்டுனா சுத்துமான்னு யாருக்குத் தெரியும்? அவளுக எல்லாம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, ஆனா போகாம, கேபிளை மடியில வெச்சுக்கிட்டே அங்கயே உக்காந்துட்டாளுக.

காரையும் நகுத்த முடியலை. காரு நகுந்தா முள்ளு காரு வேகத்தைக் காட்டிரும், பையன் தொலைஞ்சு போயிருவான். அதனால தேடப் போறதுக்காக ரிப்பேரு பண்ணுன காரு, தேடப் போக முடியாம வாசல்லயே நின்னுச்சு. அண்ணன் ராப்பகலா முன் சீட்டுலயே கெடந்தாரு. "எங்கடா போறே? எந்தப் பக்கம்டா போறே?"ன்னு மீட்டர்கிட்டக் கேப்பாரு. அது எவ்வளவு வேகம்னு சொல்லுச்சு, எவ்வளவு தூரம்னு சொல்லுச்சு. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லலை.

சித்திரை பொறந்த சமயம், ஒரு மத்தியானம் முள்ளு சர்ருன்னு மேல ஏறுச்சு. அறுவது, எழுவது, எம்பது. ஏறி அப்படியே நின்னுச்சு. ஆடலை, அசையலை. லாரின்னா இப்புடி ஓடாது, குழி இருக்கும், டோல்கேட்டு இருக்கும். பொழுது சாயற வரைக்கும் எம்பதுலயே நின்னுச்சு, நம்பரு சடசடன்னு உருண்டுச்சு. கூட்டத்துல எவனோ, "ரயிலேறிட்டான்"ன்னான். அதைக் கேட்டதும் எங்க எல்லாருக்கும் நெஞ்சு பொக்குன்னு போச்சு. ரிக்கெல்லாம் இன்னும் வடக்க இருக்கு, மழை விழ மாசக்கணக்கு கெடக்கு, இந்த நேரத்துல ரயிலேறுறவன் இன்னும் தூரமா ஓடிப் போறவன்தான? வண்டி திரும்பாம எவன் திரும்புவான் எங்க ஊருல?

பாவாயக்கா கார் கதவைப் புடிச்சுக்கிட்டுக் கீழ சரிஞ்சா. "போறானே, ஐயோ, என்னை வுட்டுட்டுப் போறானே, புடிங்களே யாராச்சும்"னு அவ போட்ட சத்தத்துல நான் மில்லு பெல்ட்டைக் கூட நிறுத்தாம ஓடியாந்தேன்.

அப்பத்தான் பொங்கியண்ணன் எந்திரிச்சாரு. ரிக்குல முப்பது வருசம் டிரில்லரா இருந்து, இடுப்பு ஒடிஞ்சு வூட்டுல கெடக்கறவரு. "ஏன் எல்லாரும் அழுவறீங்க? நாம ஆயிரம் அடி ராடு எறக்குவோம். எறக்குனதை உள்ளயே வுட்டுட்டா வர்றோம்? எத்தனை ராடு எறங்குச்சோ அத்தனையும் மேல இழுத்துப் போட்டுட்டுத்தான வர்றோம்? கம்பிக்கு ரெண்டு முனைங்க. அவன் அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் நம்பரு ஏறுது. இந்தப் பக்கம் நம்பரை எறக்குனா அவன் அந்தப் பக்கம் திரும்பித்தான ஆகோணும்?"

அட, ஆமா! பழைய அம்பாசிடரு, ரிவர்ஸ்ல போனா கிலோமீட்டர் நம்பரு பின்னாடி உருளும், அது அண்ணனுக்கே தெரியும். எங்க ஊருல வயித்துல இருக்கற புள்ளைக்குக் கூட ராடு எறக்கறதும் ஏத்தறதும் தெரியும். ஒருத்தர் கூட, 'சித்த பொறுங்க'ன்னு சொல்லலை. நானும்தான் சொல்லலை. அந்த நிமிசமே செங்கல்லை ஒதைச்சுத் தள்ளிட்டு, ரிவர்ஸ் கியரைப் போட்டு, பின் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே அண்ணன் காரைப் பின்னாடி எடுத்தாரு. முள்ளு எம்பதுல இருந்து பொத்துன்னு வுழுந்து, பூச்சியத்துக்குக் கீழ போக எடமில்லாம ஆணியில முட்டிக்கிட்டு நடுங்குச்சு. நம்பரு எறங்குச்சு. ஊரே கை தட்டுச்சு.

அப்பறம் அந்தக் காரு பின்னாடியே போச்சு. பின்னாடியே போயி எங்க ஊரு நடுவுல இருக்கற சாமி மலையைச் சுத்துச்சு, சுத்தி முடிச்சு மறுபடி சுத்துச்சு. எதுக்க வர்ற பஸ்ஸு ஓரங்கட்டுச்சு, லாரி ஓரங்கட்டுச்சு, டிராபிக் போலீசே தொப்பியைக் கழட்டிட்டு வழி வுட்டாரு. மலையை முதுகு காட்டிச் சுத்தலாமான்னு ஒரு சர்ச்சை வந்துச்சு. பூசாரி யோசிச்சுப் பாத்துட்டு, "மூஞ்சி எங்க இருந்தா என்ன, போற பக்கம்தான் கணக்கு"ன்னாரு. வீதி வீதியா முறை போட்டுப் பெட்ரோலு ஊத்துனோம். ஓடற காரோட கூடவே ஓடி, ஜன்னல் வழியா அவரு வாயில இட்லியை ஊட்டுனோம். மத்தவங்க ஓட்டறோம்னா வுட மாட்டேன்னுட்டாரு, "நான்தான் அனுப்புனேன், நான்தான் இழுக்கோணும்"னாரு. திரும்பிப் பாத்தே ஓட்டி ஓட்டி அவரு கழுத்து அப்புடியே நின்னு போச்சு, சட்டைப் பித்தான் ஒரு பக்கம், மூஞ்சி ஒரு பக்கம். ரயில்ல போன தூரமெல்லாம் எறங்கி முடிஞ்சும் அவரு நிறுத்தலை. வூடு வந்து சேர்ற வரைக்கும் எறக்குவேன்னாரு. பாவாயக்கா மட்டும் வாசல்ல நின்னு, ஒவ்வொரு சுத்துக்கும் காரு வீதியைத் தாண்டறப்ப, "இன்னும் கொஞ்சம் வேகமாப் போங்க"ன்னு கெஞ்சுனா.

ஒரு நாளு வெயிலேறுற நேரம், அவ மடியில இருந்த போன் அடிச்சுது. தெரியாத நம்பரு. நான் பக்கத்துல நின்னேன், அதனால எனக்கும் கேட்டுச்சு.

"அம்மா..."

"சாமி! என்ற சாமி! எங்கடா இருக்கே?"

"மகாராஷ்டிராவுல, பல்லார்சா டேசன்லம்மா. ஒருத்தர்கிட்ட போன் வாங்கிப் பேசறேன். அம்மா, எனக்கு என்னமோ ஆயிப் போச்சும்மா. ராடு தூக்க முடியலைன்னு வந்துட்டேன், அப்பா வைவாருன்னு கண்ட ஊருல சுத்துனேன், அப்பறம் என்ன ஆனாலும் வூட்டுக்கே போயிர்லாம்னு ரயிலேறிட்டேன்ம்மா. விஜயவாடா வரைக்கும் வந்துட்டேன். நம்ம சாம்பார் வாசம் கூட வந்துச்சு. அங்க என்ற காலு என்னை எறக்கி, எதுத்த பிளாட்பாரத்துக்குக் கூட்டிட்டுப் போயி, வடக்க போற ரயில்ல ஏத்திருச்சும்மா. எறங்கறேன், தெக்க ஓடறேன், காலு பின்னாடியே போவுது. மூஞ்சி நம்ம ஊரைப் பாத்துத்தான் இருக்குது, ஒடம்பு வடக்க போயிக்கிட்டே இருக்குதும்மா. அழுதுக்கிட்டே போறேன். எல்லாரும் பைத்தியம்னு சிரிக்கறாங்க."

பாவாயக்கா போனைக் காதுல இருந்து எடுக்காமயே ரோட்டுக்கு ஓடுனா. ஐயோ கடவுளே, வந்துக்கிட்டிருந்த புள்ளையை நாங்களேல்ல புடிச்சுத் தள்ளிட்டோம்! வூட்டுக்குத் திரும்பி வருவான்னு எங்கள்ல ஒருத்தருக்குக் கூடத் தோணலையே, அப்புடி என்ன பெரிய வண்டி, என்ன பெரிய ஊரு! காரு பின்னாடியே வந்துக்கிட்டிருந்துச்சு. அக்கா ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு அதுக்குப் பின்னாடி நடு ரோட்டுல நின்னா. அண்ணன் பிரேக்கை அமுக்குன அமுக்குல டிக்கி அவ முழங்காலைத் தொட்டுத்தான் நின்னுச்சு.

போன்ல பையன், "இப்ப நின்னுருச்சும்மா, காலு கல்லாட்ட நிக்குது, முன்னாடியும் வர மாட்டேங்குது"ன்னான். "இருடா, அங்கயே இருடா சாமி"ன்னு இவ சொல்றதுக்குள்ள, போன் குடுத்தவருக்கு ரயிலு வந்துருச்சு. லைன் கட்டாயிருச்சு. திருப்பி அடிச்சா எடுக்கலை.

விசயத்தைக் கேட்டதும் அண்ணனுக்கு ஸ்டேரிங்குல தலையை முட்டிக்கக் கூட முடியலை, கழுத்து திரும்புனாத்தான? அவசரமா மொதல் கியரைப் போட்டாரு. காரு பின்னாடி போச்சு. ரெண்டாவதைப் போட்டாரு, அதுலயும் பின்னாடிதான் போச்சு. இத்தனை நாளு பின்னாடியே போயிப் போயி அந்தக் காருக்கு முன்னாடிங்கறதே மறந்து போச்சு. "போடாதீங்க! அவனை இன்னும் தள்ளாதீங்க!"ன்னு அக்கா கத்துன கத்துல அவரு சாவியைப் புடுங்கி வீசிட்டாரு.

"தள்ளுவோம்"ன்னாங்க எல்லாரும். ஆம்பளை பொம்பளை, கெழடு கட்டை எல்லாம் ஒட்டுக்காக் கையை வெச்சு முன்னாடி தள்ளுனோம். காரு நகுந்துச்சு, முள்ளு ரெண்டுக்கு எந்திரிச்சுச்சு. பல்லார்சாவுல இருந்து நம்ம ஊரு வரைக்கும் தள்ளோணும்னாலும் தள்றதுதான்னு, எந்த வீதி எப்ப வர்றதுன்னு அப்பவே முறை பேச ஆரம்பிச்சாங்க. பொங்கியண்ணன் ஒடிஞ்ச இடுப்போட மட்கார்டைப் புடிச்சுக்கிட்டு ஊளையிட்டு அழுதாரு. ஏத்தத்துல காரு நின்னு போச்சு. எங்களுக்கு மூச்சு வாங்குச்சு. கை வழுக்கி அது ஒரு அடி பின்னாடி உருண்டப்ப, பாவாயக்கா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டா.

சக்கரத்துக்குக் கல்லுப் போட்டுட்டு, அவ டூல்ஸ் பையில இருந்து கட்டிங் பிளேயரை எடுத்தா. பானெட்டைத் தூக்குனா. கேபிளை வெரலால தொட்டுப் பாத்துக்கிட்டே போயி, பித்தளைக் கொழாயி இருக்கற எடத்துல நிறுத்துனா.

"பாவாயி, வேண்டாம்டி!" அண்ணன் முதுகுப் பக்கமாவே ஓடியாந்தாரு. "அதை அறுத்துட்டா அவன் நடக்கறானா, கெடக்கறானான்னே தெரியாமப் போயிரும்டி. நமக்கு இருக்கறது இது ஒண்ணுதான்டி. அறுத்தா அவனுக்கே என்ன ஆகுமோ, யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் தெரியாதுங்க." அவ பிளேயரைக் கீழ வெக்கலை. "நீங்க அனுப்புனீங்க, ஊரு இழுத்துச்சு, நான் வேகமா இழுங்கன்னேன். பாவம், அவன் காலு அவன்கிட்ட என்னைக்குத்தான் இருந்துச்சு? அவன் வரோணும்னு நெனச்சப்பத்தான் வந்தானுங்க. நாம யாரும் கூப்புடாமயே பாதி தூரம் வந்துட்டானுங்க."

கேபிளைத் தூக்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. புள்ளை கையைப் புடிக்கற மாதிரி ஒரு தரம் இறுக்கிப் புடிச்சா. அப்பறம் பிளேயரை வெச்சு அமுக்குனா. ஈயம் சட்டுனு ஒடைஞ்ச சத்தம் எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. முள்ளு ரெண்டு துடி துடிச்சுட்டுப் பூச்சியத்துல படுத்துக்கிச்சு. தள்ளிக்கிட்டிருந்தவங்க கையை எடுத்தோம். அண்ணன் ரோட்டுலயே உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதாரு. மடியில கேபிள் வெச்சிருந்த பொம்பளைக ஒருத்தி பின்னாடி ஒருத்தியா அவங்கவங்க வூட்டுக்கு நடந்தாளுக.

பாவாயக்கா ரோட்டுக்கு நடுவுல போயி, வடக்க பாத்து நின்னா. வாயைக் குவிச்சுக்கிட்டு, பக்கத்து வீதியில இருக்கறவனைக் கூப்புடற மாதிரிக் கூப்புட்டா.

"நல்லசிவம்! அம்மா கையை வுட்டுட்டேன்டா சாமி. வுழுந்தாலும் பரவால்ல, நடந்து வா."